உப்பளத்தின் அருகில் உப்பில்லாத வீடு
அவசரகால வீட்டுச் சேமிப்பு பற்றிய ஒரு பாடம்

ஆனையிறவு என்றதும் எமக்கு இரண்டு விடயங்கள் நினைவுக்கு வரும். ஒன்று உப்பு, மற்றது பாதை. யாழ்ப்பாணக் குடாநாட்டை வன்னிப் பெருநிலப்பரப்புடன் இணைக்கும் ஒடுங்கிய நிலத்துண்டு அது. இருபுறமும் கடல்நீரேரி, நடுவே ஏ-9 வீதி, வீதியோரம் உப்பளம்.

1990 இல் மீண்டும் போர் மூண்டபோது உப்பளத்தின் உற்பத்தி நின்றது. பாதையும் மூடப்பட்டது. மண்ணெண்ணெய், பற்றரி, உரம், சீமெந்து முதலிய பொருட்களுக்குத் தடை வந்தது. சனங்கள் கொம்படி – ஊரியான் வழியாகவும், பின்னர் கிளாலிக் கடல்வழியாகவும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வந்தார்கள். உப்பு விளைந்த நிலம் கண்ணெதிரே கிடந்தது. ஆனால் அதிலிருந்து ஒரு கைப்பிடியும் எமது அடுப்படிக்கு வரவில்லை.

போர் 2009 இல் முடிந்தது. ஆனால் தட்டுப்பாடு போரோடு முடிந்துவிடவில்லை. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளம் மூடியது. 2022 இல் மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நாடே வரிசையில் நின்றது. 2025 இல், ஆனையிறவு உப்பளம் மீண்டும் இயங்கத் தொடங்கியிருந்தும், மழையால் உப்பு விளைச்சல் கெட்டு இலங்கை முழுவதும் உப்புத் தட்டுப்பாடு வந்தது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது.

இவற்றிலிருந்து நாம் படிக்கும் பாடம் ஒன்றுதான். பக்கத்தில் இருப்பது எமது கையில் இருப்பதாகாது. கடையில் இருப்பதும், களஞ்சியத்தில் இருப்பதும், நிவாரணப் பட்டியலில் இருப்பதும் எமது பானைக்கு வந்து சேரும்வரை எமதல்ல. முதல் இரண்டு கிழமைகளை ஒரு குடும்பம் தன் சொந்த இருப்பில் தாண்ட முடிந்தால், அதன் பின்பு வரும் உதவியைத் தலைநிமிர்ந்து பெற்றுக்கொள்ளலாம்.

இடம்பெயர்ந்தபோது நாம் விட்ட பிழை

1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்தும், 1996 இல் கிளிநொச்சியிலிருந்தும், 2008 – 2009 இல் வன்னி முழுவதிலிருந்தும் புறப்பட்ட குடும்பங்களோடு பேசினால் ஒரே விதமான கதை கேட்கலாம். நெல் மூடையைச் சைக்கிளில் கட்டியவர்கள் நெருப்புப்பெட்டியை மறந்தார்கள். நெல் இருந்தது, குற்ற உரலும் இல்லை, மில்லும் இல்லை. அரிசி கொண்டுவந்தவர்களிடம் பானை இல்லை. பானை கொண்டுவந்தவர்களிடம் காணி உறுதி இல்லை.

இவர்கள் சேமிக்காதவர்கள் அல்லர். கமக்காரர் வீட்டில் எப்போதும் ஏதாவது இருக்கும். சேமித்தது எல்லாம் ஒரே வடிவத்தில், ஒரே இடத்தில் இருந்ததுதான் பிழை. ஆகவே சேமிப்பை மூன்றாகப் பிரித்து வைக்கும்படி சொல்கிறோம். அவை வீட்டிருப்பு, கைப்பொதி, விதையிருப்பு என்பன.

1. வீட்டிருப்பு

வீட்டைவிட்டு வெளியேறத் தேவையில்லாமல், ஆனால் பாதை அடைபட்டிருக்கும் காலத்துக்கு உரியது இது. ஒருவருக்கு நாளொன்றுக்கு அரிசி 400 கிராம், பருப்பு அல்லது பயறு 60 கிராம், எண்ணெய் 25 கிராம், சீனி 15 கிராம், உப்பு 5 கிராம் என்று கணக்கிடலாம். ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு 14 நாட்களுக்கு வரும் கணக்கு:

அரிசி – 28 கிலோ
பருப்பு, பயறு, கௌபி – 4 கிலோவுக்குச் சற்று மேல்
எண்ணெய் – ஏறத்தாழ 2 லீற்றர்
சீனி – 1 கிலோ
உப்பு – 350 கிராம் (கருவாடு போடவும் ஊறுகாய்க்கும் சேர்த்து 2 கிலோ வைத்திருங்கள்)

இவற்றோடு செத்தல் மிளகாய், புளி, கருவாடு, புழுக்கொடியல், சவர்க்காரம், நெருப்புப்பெட்டி, மண்ணெண்ணெய் ஆகியனவும் வேண்டும். மண்ணெண்ணெயை உணவுப் பொருட்களிலிருந்து தள்ளி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். தடைக்காலத்தில் ஜாம் போத்தலில் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்டு எரித்த விளக்கை எமது பிள்ளைகள் பலர் அறியமாட்டார்கள். சொல்லிக்கொடுங்கள்.

28 கிலோ அரிசி என்றதும் மலைக்க வேண்டாம். நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அரிசி கிடைக்கும். ஆகவே 43 கிலோ நெல் போதும். பெரும்போக அறுவடையில் ஒரு மூடையை விற்காமல் நிறுத்தினாலே காரியம் முடிந்தது. காணி இல்லாதவர்களுக்கும், உறவினர் வீட்டில் இருப்பவர்களுக்கும் எமது தாய்மார் கைக்கொண்ட பிடியரிசி முறை இருக்கிறது. உலையில் இடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பேணியில் போடுங்கள். ஒரு பிடி 50 கிராம் என்றால் மாதம் ஒன்றரைக் கிலோ சேரும்.

உப்பைக் கொண்டு நெல்லைச் சோதித்தல்

ஈரநெல்லைக் கட்டிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், வண்டு விழும். ஈரத்தை அறியக் கருவி தேவையில்லை, உப்பே போதும். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் போத்தல் ஒன்றை எடுங்கள். அதில் கால்வாசிக்கு நெல்லைப் போட்டு, வெயிலில் உலர்த்திய தூளுப்பு இரண்டு மூன்று கரண்டி சேருங்கள். மூடி, ஒரு நிமிடம் குலுக்கி, 15 நிமிடம் அப்படியே வையுங்கள். பின்பு பாருங்கள். உப்பு போத்தலின் உட்புறத்தில் ஒட்டியிருந்தால் நெல்லில் ஈரம் நூற்றுக்கு 15 பங்குக்கு மேல் உண்டு, மறுபடி காயவிடுங்கள். உப்பு ஒட்டாமல் விழுந்தால் ஈரம் அதற்குக் குறைவு. விதைநெல்லை இதற்குப் பின்னும் ஓரிரு நாள் காயவைப்பது நல்லது.

காய்ந்த நெல்லை ஆறவிட்டு மூடையில் கட்டுங்கள். சுடச்சுடக் கட்டினால் உள்ளே வியர்க்கும். மூடையை மண்தரையில் வையாமல், சுவரில் முட்டாமல், பலகை அடுக்கில் வையுங்கள். வெள்ளம் ஏறும் ஊர்களில் பரணே பாதுகாப்பு. பயறு, கௌபிக்குச் சலித்த அடுப்புச் சாம்பல் கலந்தால் வண்டு குறையும். பழையதை முதலில் எடுத்துச் சமையுங்கள், புதியதை உள்ளே வையுங்கள். சேமிப்பு அசையாமல் கிடந்தால் அது வண்டுக்குத்தான் உணவு.

2. கைப்பொதி

அரை மணித்தியாலத்தில் புறப்பட நேர்ந்தால் எடுத்துச் செல்வது இது. ஒருவர் தூக்கி நடக்கக்கூடிய பாரத்துக்கு மேல் போகக்கூடாது. இதில் நெல்லுக்கு இடமில்லை. அவல், வறுத்த அரிசிமா, புழுக்கொடியல், பனாட்டு, சீனி என அடுப்பில்லாமலும் தின்னக்கூடியவற்றை வையுங்கள். மூன்று நாள் சமாளிக்கலாம். சிறு பானை ஒன்று, பொலித்தீனில் சுற்றிய நெருப்புப்பெட்டி, கத்தி, கயிறு, ரோர்ச், ஒரு போர்வை, தண்ணீர்ப் போத்தல் என்பனவும் அதிலே இருக்கட்டும். நீரிழிவு, பிறஷர் உள்ளவர்களின் மருந்து இரண்டு கிழமைக்கு வேண்டும். கைக்குழந்தை உள்ள வீடுகளில் அதற்குரியவை தனியாக.

அடையாள அட்டை, பிறப்பு மற்றும் விவாகச் சான்றிதழ்கள், காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், கிளினிக் கொப்பி, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை இரட்டைப் பொலித்தீனில் கட்டுங்கள். அரிசியை எவரும் தரலாம். தொலைந்த காணி உறுதிக்காகக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவர்கள் எம்மிடையே எத்தனை பேர்!

கைப்பொதியில் உப்பும் சீனியும் இருக்க வேண்டியதற்கு இன்னொரு காரணம் உண்டு. முகாம்களில் முதலில் தாக்குவது பசியை விட வயிற்றோட்டமே. ஜீவனி இல்லாத இடத்தில், கொதித்து ஆறிய ஒரு லீற்றர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சீனியும், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, சிறிது சிறிதாகப் பருக்குங்கள். உப்பை அளவுக்கு மேல் போட்டால் பிள்ளைக்கு ஆபத்து, ஆகவே அளந்தே போடுங்கள். ஒரு நாளுக்கு மேல் அதை வைத்திருக்க வேண்டாம். பிள்ளை சோர்ந்தாலோ இரத்தம் போனாலோ தாமதியாமல் வைத்தியரிடம் கொண்டுசெல்லுங்கள். வெள்ளம் புகுந்த கிணற்று நீரை, இறைத்துக் குளோரின் இடும்வரை, குமிழியிட்டுக் கொதித்தபின் இன்னும் ஒரு நிமிடமாவது கொதிக்கவைத்தே குடியுங்கள்.

3. விதையிருப்பு

கமக்காரர் திரும்பி வரும்போது அவரை மறுபடி கமக்காரர் ஆக்குவது விதை. ஓர் ஏக்கர் வீசி விதைக்க ஏறத்தாழ இரண்டு புசல் நெல் வேண்டும். அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. ஆகவே விதைநெல்லின் ஒரு பங்கை வேறு ஊரில், மேட்டுநிலத்தில் உள்ள உறவினர் வீட்டில் வையுங்கள். அவர்களுடையதில் ஒரு பங்கை உங்கள் வீட்டில் வையுங்கள். மிளகாய், கத்தரி, பயற்றை, பூசணி விதைகளைச் சாம்பலோடு சிறு போத்தல்களில் அடைத்தால் ஒரு வீட்டுத்தோட்டமே கைப்பொதிக்குள் அடங்கிவிடும்.

சேமிப்பா, பதுக்கலா?

இக்கேள்வி நியாயமானது. எகிப்தில் யோசேப்பு தானியம் சேர்த்தது விளைச்சல் மிகுந்த ஏழு ஆண்டுகளில், ஐந்தில் ஒரு பங்கு. பஞ்சம் வந்தபோது களஞ்சியத்தைத் திறந்தார். களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வந்தனோ தனக்காக மட்டுமே சேர்த்தான். வேறுபாடு இங்கேதான். அறுவடைக் காலத்தில் சிறிது சிறிதாகச் சேர்ப்பது சேமிப்பு. தட்டுப்பாடு என்ற செய்தி கேட்டதும் கடைக்கு ஓடிப் பத்துப் பக்கற் உப்பை அள்ளிவருவது பதுக்கல். அது விலையை ஏற்றும், அயல்வீட்டுப் பானையை வெறுமையாக்கும்.

2009 இல் முள்ளிவாய்க்காலில் பலரின் உயிரைப் பிடித்துவைத்தது பகிர்ந்து குடித்த கஞ்சி. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் அந்தக் கஞ்சியை நாம் காய்ச்சிக் கொடுப்பது துயரத்தை நினைப்பதற்கு மட்டுமல்ல. ஒரு பானையில் இருந்ததைப் பலர் பகிர்ந்ததையும் மறவாதிருக்கவே. எமது இருப்பில் ஒரு பங்கு, சேமிக்க இயலாத அயலவருக்கென்று முன்கூட்டியே ஒதுக்கப்படட்டும்.

மாரி தொடங்குமுன், புரட்டாதி முடிவதற்குள், மூன்று இருப்புகளையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பிள்ளைகளையும் கூட வைத்துக்கொண்டு பாருங்கள். எது எங்கே இருக்கிறது என்பது வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் போதாது.

குழுவில் கலந்துரையாடுவதற்கு

1. நாம் கடைசியாக இடம்பெயர்ந்தபோது எதை எடுத்தோம்? எதை எடுக்காமல் வருந்தினோம்?
2. இன்று பாதை அடைபட்டால் எமது வீடு எத்தனை நாள் தாங்கும்?
3. எமது கிராமத்தில் மாரியில் நனையாத பொதுக் களஞ்சியமாக எந்த இடம் உதவும்?
4. தனியாக வாழும் முதியவருக்கும், பெண் தலைமை தாங்கும் குடும்பத்துக்கும் பிடியரிசி சேர்ப்பதை யார் பொறுப்பேற்பது?