பெரிய எண் என்றால் நிறையக் காரணிகளா?

293318625600. பன்னிரண்டு இலக்கங்கள். சாம்பல்தீவிலோ நிலாவெளியிலோ சாதாரண தரத்துக்குக் கணிதம் படிக்கும் பிள்ளை இந்த எண்ணைக் கண்டு மலைக்கத் தேவையில்லை. அதன் குணத்தை அறிய, பாடசாலையில் படித்த காரணிப்படுத்தலே போதும். பெரிய எண்களைப் பற்றி நம்மிடையே உலவும் சில நம்பிக்கைகளை இந்த எண்ணை வைத்தே சோதித்துப் பார்ப்போம்.

நம்பிக்கை: எண் பெரிதானால் காரணிகளும் கூடும்.

உண்மை: அப்படியில்லை. 2147483647 இருநூறு கோடியைத் தாண்டிய எண். ஆனால் 1ஐயும் தன்னையும் தவிர அதற்கு வேறு காரணி கிடையாது. அது முதன்மை எண் என்று 1772 இல் கணிதவியலாளர் ஒயிலர் நிறுவினார். சின்னஞ்சிறிய 60க்கோ 12 காரணிகள் உண்டு.

நம்பிக்கை: காரணிகளின் எண்ணிக்கையை அறிய ஒவ்வொன்றாக வகுத்துப் பார்க்க வேண்டும்.

உண்மை: முதன்மைக் காரணிகளாகப் பிரித்தால் போதும். நமது எண்ணில் 2 ஆறு தடவையும், 3 நான்கு தடவையும், 5உம் 7உம் இரண்டிரண்டு தடவையும், 11, 13, 17, 19 ஆகியவை ஒவ்வொரு தடவையும் வருகின்றன. ஒவ்வொரு தடவைக் கணக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள்: 7×5×3×3×2×2×2×2 = 5040. இத்தனை காரணிகள் இதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லை. இத்தகைய எண்களை உயர் சேர்த்தி எண்கள் எனலாம்.

நம்பிக்கை: இலக்கச் சுட்டி 9 வந்தால் அதிர்ஷ்ட எண்.

உண்மை: நமது எண்ணின் இலக்கங்களின் கூட்டுத்தொகை 45, அதன் இலக்கங்களையும் கூட்டினால் வரும் இலக்கச் சுட்டி 9. அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: எண் 9ஆல் மீதியின்றி வகுபடும். வாகன இலக்கத்துக்கும் திருமண நாளுக்கும் அதில் சேதி எதுவுமில்லை.

நம்பிக்கை: கணித மேதை இராமானுஜனுக்கு அவர் வழிபட்ட தெய்வமான நாமகிரித் தாயார் விடைகளைச் சொன்னார், அவர் கணக்குப் போட்டுப் பார்த்ததே இல்லை.

உண்மை: அவருடைய பக்தி உண்மையானது. உழைப்பும் அவ்வளவு உண்மையானது. 1915 இல் வெளியான கட்டுரையில் நூற்றுக்கும் மேற்பட்ட உயர் சேர்த்தி எண்களை 6746328388800 வரை அவர் பட்டியலிட்டார். அவற்றின் அமைப்பையும் நிறுவினார்: முதன்மை எண் பெரிதாகப் பெரிதாக அது வரும் தடவை ஒருபோதும் அதிகரிக்காது; 4, 36 ஆகியவை நீங்கலாக, கடைசி முதன்மை எண் ஒரு தடவையே வரும். அந்த ஆய்வுக்காக 1916 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் வழங்கியது.

அந்தப் பட்டியலில் விடுபட்ட எண் 293318625600. அதை 23ஆல் பெருக்கினால் பட்டியலின் கடைசி எண் கிடைக்கும். இந்த விடுபடுதல் அவரைச் சிறுமைப்படுத்தாது. கணினி இல்லாத காலத்தில் ஒரு மனிதர் கையால் கணித்து எழுதியதற்கு அது சாட்சி. ஆகவே பிள்ளைகளுக்கு அவரை எட்டாத அதிசயமாகக் காட்டாதீர்கள். ஒரு தாளைக் கொடுத்து, அவர் விட்ட எண்ணை அவர்களையே காரணிப்படுத்தச் சொல்லுங்கள்.