யோகமும் பிணி நீக்கமும்

ஐக்கிய நாடுகள் அவை 2014-ஆம் ஆண்டில் ஜூன் 21-ஆம் நாளை உலக யோக நாளாக அறிவித்தது. உடற்பிணியும் மனத்துயரும் நீங்குதற்பொருட்டு யோகம் பயில்வார் இன்று பலர். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்னும் நான்கனுள் ஒன்றை மருந்தாகக் கொள்ளுதல் சைவர்க்குத் தகுமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

உடலும் மனமும் மாயையின் காரியங்கள். ஆணவத்தால் மறைப்புண்ட உயிர்க்கு அறிவு விளங்குதற்பொருட்டு இறைவன் கூட்டிய கருவிகள். அவற்றைப் பழுதின்றிப் பேணுதல் அவ்வருளைப் போற்றுதலேயாம். ஆதலின் தகும் என்க.

ஆயின் முறை பிறழலாகாது. அட்டாங்கத்தில் ஆசனம் மூன்றாவது, பிராணாயாமம் நான்காவது. கொல்லாமை, பொய்யாமை முதலிய இயமமும், தூய்மை முதலிய நியமமும் அவற்றிற்கு முற்பட்டன. வெகுளியையும் அவாவையும் தணித்தலின்றி உடலை மட்டும் வளைப்பார்க்கு மனத்துயர் எங்ஙனம் நீங்கும்?

மனமும் மூச்சும் உடனிகழ்வன. வெகுளி எழுங்கால் மூச்சு விரைதல் யாவர்க்கும் அநுபவம். திருமூலர் பூரகம் 16, கும்பகம் 64, இரேசகம் 32 மாத்திரை என வகுத்தார். வாங்கும் அளவினும் விடும் அளவு இருமடங்காதல் நோக்குக. மெல்ல நீள விடும் மூச்சால் இதயத்துடிப்புத் தணிதலை இக்கால மருத்துவரும் உடன்படுவர். எனினும் 64 மாத்திரை அடக்குதல் ஆசிரியன்பாற் பயின்று முதிர்ந்தார்க்கே உரியது. இதயநோயும் மிகு குருதியழுத்தமும் உடையார் மருத்துவரை வினவாது தொடங்கற்க.

அற்றேல், நோய் நீங்குதலே யோகப்பயனோ எனின், அன்று. விளக்கைத் துலக்குதல் அதனை ஏற்றுதற்பொருட்டேயாம். நலம்பெற்ற உடல் திருக்கோயிலை வலம்வரவும், அமைந்த மனம் திருவைந்தெழுத்தை எண்ணவும் பயன்படுமாயின், மருந்தாக வந்தது நெறியாய் நிலைபெறும்.