காரைக் கப்பலேற்றுவதற்கு முன்

அயல்நாட்டு உத்தியோகத்தை முடித்துக்கொண்டு சொந்த ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு வீட்டுச் சாமான்களைப் பற்றிய யோசனை ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும். காரைப் பற்றிய யோசனையோ மாதக்கணக்கில் நீளும். கட்டிலையும் பீரோவையும் எவருக்கேனும் கொடுத்துவிட்டு வருகிற மனிதர், தம் கையால் ஓட்டிப் பழகிய காரை விட்டு வர எளிதில் சம்மதிப்பதில்லை. நான் நாமக்கல் ஜில்லாக்காரன். சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் நெடுங்காலம் பொறியாளனாக இருந்துவிட்டு, 2019இல் பரமத்தி வேலூருக்குத் திரும்பியவன். திரும்பும்போது என் காரையும் அனுப்பி வைத்தவன். அந்தக் கார் மும்பைத் துறைமுகம் வரையில் வந்தது, வேலூருக்கு வரவில்லை. அது ஏன் வரவில்லை என்பதைப் பற்றி எங்கள் ஊரில் பலர் பலவிதமாகப் பேசினார்கள், இன்றும் பேசுகிறார்கள். ஆகையால், நடந்ததை நடந்தபடி எழுதிவைப்பது, இனித் திரும்பி வரப்போகிறவர்களுக்கும் பிரயோஜனமாகும், என்னைப் பற்றிய வம்புப் பேச்சுக்கும் பதிலாகும் என்று கருதுகிறேன்.

வெளிநாட்டுக் காரில் வந்து இறங்கவேண்டும் என்ற ஆடம்பரத்துக்காக நான் அதைக் கொண்டுவர நினைத்ததாகச் சொல்கிறவர்கள் ஒரு விஷயத்தை அறியமாட்டார்கள். என் மனைவிக்கு முதுகெலும்பில் தட்டு விலகிய உபத்திரவம் உண்டு. பஸ்ஸிலோ வாடகைக் காரிலோ அரை மணி நேரம் உட்கார்ந்தால் அன்று இரவெல்லாம் தூக்கம் இராது. அந்த மஸ்டா 3 காரின் முன்னாசனம் ஒன்றுதான் அவளுக்கு ஒத்துப்போயிற்று. வேலூரிலிருந்து சேலத்துக்கு வைத்தியத்துக்குப் போய் வர வேண்டியவளுக்கு அந்த ஆசனம் இருந்தால் நல்லது என்று நினைத்தது ஆடம்பரமாகாது.

இந்த நினைப்புக்குத் தூபம் போட்டவர் என் தாய்மாமா. சங்ககிரியில் லாரி வைத்து நடத்துகிறவர். வண்டி வாகன விஷயத்தில் அவருடைய வார்த்தைக்கு எங்கள் பந்துக்களிடையே மறுவார்த்தை கிடையாது. “அங்க வாங்குன வண்டிய அங்கயே வித்துப்போட்டு வந்தீங்கன்னா ஊர்ல என்னங்க மாப்ளே நெனப்பாங்க? ரெண்டு வருசத்துக்கு மேல இருந்துட்டு வர்றவங்களுக்கு வரி கெடையாதுங்க. பாம்பேயில எறக்குனா என்ன, நம்ம லாரி வாராவாரம் போயிட்டுத்தான வருது, திரும்பும்போது ஏத்தியாந்தர்றேன்” என்று தொலைபேசியில் உறுதியாகச் சொன்னார். மாமா வாலிபராக இருந்த காலத்தில் நம் நாட்டில் அம்பாசடரையும் பியட்டையும் விட்டால் வேறு கார் அதிகம் இல்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வருகிறவரையில் பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தக் காலத்தில் மலேயாவிலிருந்து ஒருவர் கார் கொண்டுவந்தால் அது ஊருக்கே கௌரவமாக எண்ணப்பட்டது. 1993இல் கார் உற்பத்திக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று ஆனபிறகு நிலைமை அடியோடு மாறிவிட்டது. மாமாவின் அபிப்பிராயம் மட்டும் மாறவில்லை.

வரி கிடையாது என்று அவர் சொன்னதற்கும் ஆதாரம் இல்லை. இரண்டாண்டு வெளிநாட்டில் வசித்துத் திரும்புகிறவர்களுக்கு வீட்டுச் சாமான்கள் சிலவற்றின்மீது சலுகை உண்டென்பது மெய்தான். ஆனால், 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் பிரயாணியின் மூட்டை முடிச்சு என்பதற்குச் சொல்லும் விளக்கத்திலேயே மோட்டார் வாகனம் அதில் சேராது என்று தெளிவாகக் கண்டிருக்கிறது. குளிர்ப்பெட்டிக்குக் கிடைக்கிற சலுகை காருக்குக் கிடைக்காது. காருக்கு முழு வரி.

அந்த முழு வரி எவ்வளவு என்பதில்தான், நான் அமர்த்திக்கொண்ட ஏஜெண்ட் என்னை முதலில் இடறவைத்தார். சிங்கப்பூரில் கார் வைத்திருப்பவருக்கு இது எளிதில் விளங்கும். 1990 முதல் அங்கே பத்தாண்டு உரிமைச் சீட்டை ஏலத்தில் எடுத்தாலொழிய ஒருவர் காரைப் பதிவுசெய்ய முடியாது. அந்தச் சீட்டின் விலையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து காரின் விலை மலைபோல் ஏறிவிடும். பத்தாண்டுக்கு முன்பாகவே பதிவை ரத்துசெய்தால் அவற்றில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். உடைத்துப் போட்டாலும் சரி, ஏற்றுமதி செய்தாலும் சரி, அந்தத் தொகை கைக்கு வந்துவிடும். அது போக மிஞ்சுகிற வெறும் வண்டிக்குக் கடைக்காரர் கொடுக்கிற விலையைத்தான் அங்கே பாடி விலை என்பார்கள்; அது சொற்பம். அந்தச் சொற்ப விலையின்மேல்தான் இந்தியாவில் வரி போடுவார்கள் என்று ஏஜெண்ட் கணக்கு எழுதிக் கொடுத்தார். கணக்கைப் பார்க்கிற எவருக்கும் காரைக் கொண்டுவருவதே லாபமாகத் தோன்றும்.

நம் சுங்க இலாகா பாடி விலையைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. கார் புதிதாக வெளிவந்தபோது தயாரிப்பாளர் வைத்த விலையை எடுத்துக்கொண்டு, முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு நூற்றுக்கு 4 வீதமும், இரண்டாம் ஆண்டில் 3 வீதமும், மூன்றாம் ஆண்டில் 2.5 வீதமும் தேய்மானம் கழித்து, மிஞ்சியதோடு கப்பல் கூலியையும் இன்ஷூரன்ஸையும் சேர்த்து அதையே மதிப்பாகக் கொள்கிறது. புதிதில் 10 லட்சம் ரூபாய் மதிப்புள்ள கார் மூன்றாண்டு நிறையும்போது நூற்றுக்கு 38 கழிந்து 6,20,000 ரூபாயில் நிற்கும். அப்போதிருந்த விகிதப்படி பழைய காருக்கு அடிப்படைத் தீர்வை நூற்றுக்கு 125. ஆகவே, கப்பல் கூலியைச் சேர்க்காமலே 7,75,000 ரூபாய் தீர்வை. அதன்மேல் சமூகநல மேல்வரி, அதற்கும் மேல் ஜி.எஸ்.டி., அதற்கொரு இழப்பீட்டு வரி. இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டுப் பார்க்காமல் எவரும் காரைத் தொடவேண்டாம். மனைவியின் ஆரோக்கியத்தை முன்னிட்டு அந்தத் தொகையையும் நான் மனம் ஒப்பிக் கட்டியிருப்பேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். ஆகவே வரி என் காரைத் தடுக்கவில்லை. தடுத்தது ஒரு தேதி.

பழைய கார் இந்தியாவுக்குள் வரவேண்டுமானால் அதற்கு மூன்றாண்டுக்கு மேல் வயதாகியிருக்கக் கூடாது. வலப்பக்கத்தில் ஸ்டியரிங் இருக்கவேண்டும். வேகமானி கிலோமீட்டரில் காட்டவேண்டும். இன்னும் ஐந்தாண்டு ஓடக்கூடிய யோக்கியதை இருக்கவேண்டும். நம் சென்னையிலும் எண்ணூரிலும் எத்தனை கப்பல் வந்து நின்றாலும் பழைய கார் மும்பைத் துறைமுகத்தில்தான் இறங்கவேண்டும். இவையெல்லாம் என் ஏஜெண்டுக்குத் தெரியும். மூன்றாண்டு என்பதை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பது ஒன்றுதான் தெரியவில்லை. கார் தொழிற்சாலையில் உற்பத்தியான நாளிலிருந்து எண்ணவேண்டும். அவர் சிங்கப்பூரில் பதிவான நாளிலிருந்து எண்ணினார்.

இந்தப் பிசகு எப்படி நேர்கிறது என்பதைச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டும். ஜப்பானில் உற்பத்தியாகிற கார் கப்பலேறிச் சிங்கப்பூர் வந்து, விற்பனையாளரின் கிடங்கில் நின்று, வாங்குகிறவருக்கு ஏலத்தில் உரிமைச் சீட்டு கிடைத்தபிறகே பதிவாகிறது. என் கார் உற்பத்தியானது 2016 மார்ச். பதிவானது அதே ஆண்டு நவம்பர். பதிவுத் தஸ்தாவேஜில் பதிவுத் தேதி நாளும் மாதமுமாக முழுமையாக அச்சாகியிருந்தது. உற்பத்திக்கோ ஆண்டு மட்டுமே போட்டிருந்தது. முழுமையாகக் கண்ணில்பட்ட தேதியை ஏஜெண்ட் எடுத்துக்கொண்டு, 2019 நவம்பர் வரையில் அவகாசம் இருக்கிறது, சாவகாசமாக அனுப்பலாம் என்றார். கார் மும்பையில் இறங்கியது ஜூன் மாதம்.

துறைமுகத்துக் கிடங்கில் காரைப் பரிசோதிக்க வந்த பட்டயப் பொறியாளர் ஒரு முதியவர். என்ஜினை அவர் அதிக நேரம் பார்க்கவில்லை. ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து, சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசி வரையில் இழுத்தார். தினமும் இழுத்து மாட்டுகிற பட்டையில் நாம் ஒருநாளும் பார்த்திராத அடிப்பகுதி வெளியே வந்தது. அங்கே தைத்திருந்த சின்ன வெள்ளைத் துணிச்சீட்டை மூக்குக்கண்ணாடிக்கு அருகே பிடித்துப் படித்தார். பெல்ட் தயாரான மாதம் அதில் அச்சிட்டிருந்தது. பிறகு கண்ணாடிகளில் இருந்த குறிகளைப் பார்த்து எழுதிக்கொண்டார். தயாரிப்பாளரிடமிருந்து கடிதம் வரவழைத்தபோது அதிலும் மார்ச் என்றே இருந்தது. மூன்றாண்டு கடந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

விதிக்கு மாறாக வந்த சரக்கைப் பறிமுதல் செய்யவும், அபராதம் வாங்கிக்கொண்டு விடுவிக்கவும் சுங்கச் சட்டத்தில் இடம் உண்டு. அதிகாரிகள்மீது எனக்குக் குறையில்லை. விதியை அவர்கள் எழுதவில்லை, என்னிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். அபராதம், அபராதத்துக்குப் பின் தீர்வை, இதற்கிடையில் நாள்தோறும் ஏறுகிற கிடங்கு வாடகை, கன்டெய்னரைத் திருப்பித் தராததற்குக் கப்பல் கம்பெனி போடுகிற டிடென்ஷன் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது காரை மறு ஏற்றுமதி செய்வதே உசிதமாகப்பட்டது. சிங்கப்பூருக்கே திருப்பி அனுப்பவும் வழியில்லை. மூன்றாண்டு கடந்த பழைய காரை அங்கேயும் பதிவுசெய்ய விடுவதில்லை. எட்டாண்டு வரையில் பழைய கார்களை ஏற்றுக்கொள்கிற கென்யாவுக்கு, ஒரு வியாபாரி வாங்கி அனுப்பினார். அவர் கொடுத்த தொகை கிடங்கு வாடகைக்கே காணவில்லை.

ஆவணங்களைப் படித்துப் பார்க்கவேண்டியவர் நீங்களல்லவா என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. படிப்பதற்கென்றே கூலி வாங்கியவர் ஒருவர் இருக்கும்போது அந்தக் கேள்வியை அவரிடம் கேட்பதே நியாயம்.

நீங்கள் ஊர் திரும்ப நினைத்திருந்தால், மற்ற எந்த விசாரணைக்கும் முன்னால் காரின் அடிச்சட்ட எண்ணைத் தயாரிப்பாளருக்கு அனுப்பி, உற்பத்தி மாதத்தைக் கடிதத்தில் வாங்கிவிடுங்கள். அதிலிருந்து மூன்றாண்டு எண்ணி, கப்பல் பிரயாணத்துக்கும் தாமதத்துக்கும் ஆறு மாதத்தை அதில் கழித்துவிட்டு, அதற்குள் அனுப்ப முடியுமானால் மேலே யோசியுங்கள். இல்லாவிட்டால் அங்கேயே விற்றுவிட்டுப் பணமாகக் கொண்டுவாருங்கள். ஏற்றுமுன் காரைச் சுத்தம் செய்வது, பெட்ரோலை வடித்துவிடுவது, இன்ஷூரன்ஸ் எடுப்பது ஆகியவை எவரும் செய்து தரக்கூடிய சில்லறைக் காரியங்கள். வளைகுடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வருகிறவர்களுக்கு இந்த யோசனையே வேண்டாம். அவர்கள் கார்களில் ஸ்டியரிங் இடப்பக்கம். இங்கிருந்து அமெரிக்கா போகிறவர்களுக்கும் அப்படியே: அந்த நாட்டுத் தரத்துக்குச் செய்யப்படாத கார் 25 ஆண்டு பழையதானாலொழிய அமெரிக்கா அதை விடாது. ஆஸ்திரேலியாவில் நம்மைப்போல் இடப்பக்கமாகவே ஓட்டுகிறார்கள். ஆனாலும் முன்கூட்டியே அந்த நாட்டு அனுமதி வாங்காமல் அங்கே காரைக் கப்பலேற்றி அனுப்பக் கூடாது.

தேதி சரியாக இருந்தாலும், அந்தக் கார் இங்கே வந்து யாரிடம் பழுதுபார்க்கப் போகும் என்பதை விசாரிப்பது அவசியம். மஸ்டா கம்பெனி இந்தியாவில் கார் விற்றதேயில்லை. நாமக்கல் பட்டறைகளில் மஸ்டா என்றால் ஸ்வராஜ் மஸ்டா வேனைத்தான் காட்டுவார்கள். இந்தியா முழுவதும் ஓடுகிற லாரிகளுக்குக் கூண்டு கட்டுகிற ஊர் நாமக்கல். திருச்செங்கோட்டு ஆழ்துளை ரிக் வண்டிகளைப் பிரித்துப் பூட்டுகிற கைகள் இந்த வட்டாரத்தில் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனாலும், கிடைக்காத ஒரு சென்சாரை எந்த மேஸ்திரியாலும் செய்துவிட முடியாது.

அதே ஊரில் வேறொன்று முடிந்தது. சேலத்தில் நான் வாங்கிய உள்நாட்டுக் காரின் முன்னாசனத்தைக் கழற்றி, லாரி கேபின்களுக்கு இருக்கை தைக்கிற ஒரு குஷன் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். அவர் என் மனைவியை அதில் உட்காரவைத்து, முதுகுக்கும் சாய்மானத்துக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்து, “இந்த எடத்துல பள்ளமா இருக்குதுங்கம்மா, அதான் இழுக்குது” என்று சொல்லி, பழைய பஞ்சை எடுத்துவிட்டு இரண்டு விதமான ரப்பர் நுரையை வெட்டி ஒட்டித் தைத்துக் கொடுத்தார். இப்போது அவள் சேலம் போய் வருகிறாள், இரவில் தூங்குகிறாள். லாரித் தொழிலிலேயே தலை நரைத்த என் மாமாவுக்கு இப்படியொரு வழி இருப்பது தெரியாமல் இராது. அன்று அவர் அதைச் சொல்லியிருந்தால் நான் காரைப் பற்றி நினைத்தே இருக்கமாட்டேன். இப்போதோ, வெளிநாட்டிலிருந்து பழைய கார் கொண்டுவருவது மதியீனம் என்று கல்யாண வீடுகளில் அவரே மற்றவர்களுக்குப் புத்தி சொல்கிறார். அதுவும் சரியல்ல. வயது மூன்றாண்டுக்குள் இருந்து, அதே மாதிரிக் கார் இங்கேயும் விற்பனையாகி, தீர்வையைக் கட்ட மனமும் பணமும் இருந்தால் கொண்டுவரலாம், தடையொன்றும் இல்லை.

ஏஜெண்ட் அமர்த்துகிறவர்கள், காரின் வயதும் வரிக் கணக்கும் தம் பொறுப்பென்று அவர் கையெழுத்திட்டு எழுதிக் கொடுத்தபிறகே முன்பணம் கொடுங்கள். கூலியில் பாதியையாவது, கார் உங்கள் ஊர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவாகிற நாள் வரையில் நிறுத்தி வையுங்கள். அப்படி நிறுத்தி வைத்தது ஒன்றுதான் இந்த விவகாரம் முழுவதிலும் எனக்கு மிஞ்சியது. மும்பைக்குக் கார் போய்ச் சேர்ந்ததோடு தம் வேலை முடிந்துவிட்டதாகச் சொல்லி, மீதித் தொகையைக் கேட்டு என் ஏஜெண்ட் இன்னமும் கடிதம் அனுப்புகிறார். உற்பத்தி மாதம் குறித்த தயாரிப்பாளரின் கடிதத்துக்குப் பிரதி எடுத்து ஒவ்வொரு தடவையும் அவருக்குப் பதிலாக அனுப்புகிறேன். பணம் கொடுக்கவில்லை; கொடுக்கப்போவதும் இல்லை.