அணிக்கோவைக்குள் கோணத்தைப் போடாதீர்கள்

மின்காந்தவியல் தாளைத் தொட்டதும் இளங்கலை மாணவர்கள் கேட்கும் சந்தேகம் இது: கார்ட்டீசியனில் வெக்டர் பெருக்கலுக்குப் போட்ட அதே அணிக்கோவை, உருளை ஆயத்தொலைவுகளிலும் கோள ஆயத்தொலைவுகளிலும் செல்லுமா? செல்லும். ஆனால் இரண்டு வெக்டர்களையும் ஒரே புள்ளியின் அலகு வெக்டர்களைக் கொண்டு எழுதியிருக்க வேண்டும். உள்ளே போவதும் வெக்டரின் கூறுகளாக இருக்க வேண்டும், புள்ளியின் ஆயத்தொலைவுகளாக அல்ல.

உருளை ஆயத்தொலைவுகளில் (2, 0, 0), (2, 90 டிகிரி, 0) என்று இரண்டு புள்ளிகள் இருக்கட்டும். அவற்றின் நிலை வெக்டர்களைப் பெருக்க வேண்டும். எண்களை அப்படியே அணிக்கோவையில் இட்டால், கோணத்தை ரேடியனாக்கிய பின், இசட் திசையில் பை என்று விடை வரும். நீளத்தைக் கோணத்தால் பெருக்கினால் பரப்பு எப்படி வரும்? அலகைப் பார்த்தாலே பிழை பிடிபட்டுவிடும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் இரண்டு நிலை வெக்டர்களுமே ‘ரோ திசையில் 2’ என்று சரியாகவே எழுதுவார்கள்; பிறகு திசை ஒன்றுதானே என்று விடையைச் சுழி ஆக்கிவிடுவார்கள். முதல் புள்ளியில் ரோ திசை எக்ஸ் அச்சோடு போகிறது, இரண்டாவதில் ஒய் அச்சோடு. சரியான விடை இசட் திசையில் 4. புள்ளிகள் வேறுபட்டால் கார்ட்டீசியனுக்கு மாற்றிவிடுங்கள்; அதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

பயோ–சவார் விதியில் இதே சிக்கல் தொகையீட்டுக்குள் ஒளிந்திருக்கும். வட்டக் கம்பியின் அச்சில் காந்தப்புலம் காணும்போது பெருக்கலில் இரண்டு உறுப்புகள் வரும்: ஒன்று இசட் திசையில், இன்னொன்று கம்பித் துண்டின் ரோ திசையில். அந்த ரோ அலகு வெக்டரை மாறிலி என்று எண்ணித் தொகையீட்டுக்கு வெளியே எடுத்தால் இல்லாத புலம் ஒன்று முளைக்கும். துண்டுக்குத் துண்டு அது திரும்புகிறது; ஒரு முழுச் சுற்றில் சுழியாகிவிடுகிறது.

ஒரே புள்ளியில் வேலை நடக்கும்போது கோள ஆயத்தொலைவு வரப்பிரசாதம். ஒரு துகளின் நிலை வெக்டருக்கு ஆர் திசையில் ஒரு கூறு மட்டுமே உண்டு. ஆகவே கோண உந்தம் இரண்டே உறுப்புகளில் முடிகிறது. வரிசையை மட்டும் கவனியுங்கள். இயற்பியல் நூல்களில் தீட்டா இசட் அச்சிலிருந்து அளக்கும் கோணம். பல கணித நூல்களில் தீட்டாவும் ஃபையும் இடம் மாறியிருக்கும். அந்தக் குறியீட்டை வைத்துக்கொண்டு ஆர், தீட்டா, ஃபை என்றே வரிசையிட்டால் விடையின் குறி தலைகீழாகும்.

அச்சுகள் செங்குத்தாக இல்லாத படிகங்களில் கதையே வேறு. அங்கே அணிக்கோவை தருவது தலைகீழ் அணிக்கோப்பின் கூறுகளை. அலகுக் கூட்டின் கன அளவால் பெருக்கினால்தான் உண்மையான வெக்டர் கிடைக்கும். இதில் ஓர் ஆதாயமும் உண்டு. இரண்டு படிகத் திசைகளின் முழு எண்களை அணிக்கோவையில் இட்டுப் பொதுக் காரணியை நீக்கினால், அவ்விரண்டும் கிடக்கும் தளத்தின் மில்லர் எண்கள் நேரடியாக வந்துவிடும். எந்தப் படிக வகைக்கும் இது பொருந்தும். அச்சுக் கோணங்களே தேவையில்லை.

கணினியில் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்பையின் கிராஸ் கட்டளைக்கு ஆயத்தொலைவு முறை எதுவும் தெரியாது. டிகிரியைக் கொடுத்தாலும் முணுமுணுக்காமல் பெருக்கித் தந்துவிடும். புள்ளிகளின் உருளை, கோள ஆயத்தொலைவுகள் கையில் இருந்தால் கார்ட்டீசியனுக்கு மாற்றிய பிறகே அதனிடம் கொடுங்கள்.