பிள்ளை வளர்ந்தால் பாவாடையும் வளரட்டும்

ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை குழந்தைகள் ஆண்டுக்குச் சுமார் 2 அங்குலம் உயர்கிறார்கள். இடுப்பும் மார்பும் அந்த வேகத்தில் பெருப்பதில்லை. ‘வளர்ற பிள்ளை, ரெண்டு சைஸ் பெரிசா எடு’ என்று தொளதொளவென வாங்கினால், அது உடம்புக்குப் பொருந்துவதற்குள் சாயம் போய்விடும். அகலம் இன்றைய உடம்புக்குச் சரியாக இருக்கட்டும். நாளைய நீளத்தை மடிப்புக்குள் வைத்துக்கொள்ளலாம்.

1. டெய்லரிடம் கொடுக்கும்போதே, பக்கத் தையலில் 1 அங்குலமும் கீழ் மடிப்பில் 3 அங்குலமும் துணி விடச் சொல்லுங்கள். ஓவர்லாக் மெஷின் ஓரத்தை நறுக்கிக்கொண்டேதான் தைக்கும்; விட்ட துணி அங்கேயே போய்விடக்கூடும். அதனால் தைத்து வந்ததும் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ரெடிமேடில் பெரும்பாலும் கால் அங்குலம்தான் இருக்கும். அதைப் பிரித்து உடையை அகலப்படுத்த நினைக்க வேண்டாம்.

2. பருத்தித் துணியை வெட்டுவதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துங்கள். லேஸ், பைப்பிங் துணி, நாடா ஆகியவற்றுக்கும் இது வேண்டும். சட்டை சுருங்காமல் லேஸ் மட்டும் சுருங்கினால் ஓரமெல்லாம் இழுத்துக்கொள்ளும். சிவப்புப் பைப்பிங் என்றால் சாயம் போகிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

3. பட்டுப்பாவாடைக்கு டக்ஸ்தான் கைகண்ட வழி. 1 அங்குல ஆழத்தில் பிடித்த ஒரு டக்ஸைப் பிரித்தால் 2 அங்குலம் இறங்கும்; ஏறக்குறைய ஓர் ஆண்டு வளர்ச்சிக்கு அது போதும். ஜரிகைக் கரைக்குச் சற்று மேலே இரண்டு மூன்று பிடித்துவைத்தால், தீபாவளிக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். பட்டில் ஊசித் துளை எளிதில் மறையாது. ஆகவே மெல்லிய ஊசியால் கையாலேயே ஓட்டுத்தையல் போடுங்கள். மெஷின்தான் என்றால் 11-ஆம் எண் ஊசி, நீளத் தையல். பலரும் மறப்பது லைனிங்கை. அதிலும் அதே அளவு டக்ஸ் இல்லையென்றால், மேல்துணி இறங்கும்போது லைனிங் மேலேயே நின்றுவிடும்.

பாடி வைத்துத் தைத்த சின்னப் பாவாடையா? பிள்ளை வளர்ந்ததும் பாடியைப் பிரித்துவிட்டு, இடுப்புப் பட்டியும் நாடாவும் வையுங்கள். மார்புக்குக் கீழே நின்ற பாவாடை இடுப்புக்கு இறங்கும். ஒரு டக்ஸும் பிரிக்காமலே நீளம் கிடைக்கும்.

4. மடிப்பைப் பிரித்த இடத்தில் பழைய கோடு தெரியும். பருத்தியில் என்றால், வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியால் தொட்டு ஒற்றி இஸ்திரி போடுங்கள். முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் சோதித்துப் பாருங்கள். பட்டில் வேண்டாம். சாயம் வெளுத்து விழுந்த கோடு எதற்கும் போகாது. ஃபிராக் என்றால் அதன் மேல் மெல்லிய லேஸ் வைக்கலாம். யூனிஃபார்ம் பேன்ட் என்றால் அதே நிற நூலில் கோட்டின் மீதே ஒரு தையல் ஓட்டினால் போதும்.

5. ஃபிராக்கை நீட்ட எல்லோரும் கீழே துண்டு வைக்கிறார்கள்; ஒட்டுப்போட்டது அப்பட்டமாகத் தெரிகிறது. இடுப்பில் பிரித்து, 2 அங்குலப் பட்டி ஒன்றை நடுவில் கொடுத்துப் பாருங்கள். அம்மாவின் பழைய பருத்திப் புடவைக் கரை இதற்கு மிகப் பொருத்தம். தைக்கும்போதே அப்படித்தான் தைத்தது போல இருக்கும்.

6. இடுப்பு எலாஸ்டிக் தளர்ந்தால் பேன்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இடுப்பளவைவிட 2 அங்குலம் குறைத்துப் புது எலாஸ்டிக் வெட்டி, ஊக்கில் கோத்து உள்ளே இழுத்து, முனைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் தையுங்கள்.

7. கிழிந்த முழங்காலுக்கு வைக்கும் ஒட்டுத் துணியின் மூலைகளை வளைவாக வெட்டுங்கள். சதுர மூலை சீக்கிரம் பிய்ந்துவரும். அரை ட்ரௌசராக வெட்டுவது இன்னும் சுலபம்.

8. டி-ஷர்ட், லெக்கிங்ஸ் போன்ற பனியன் துணிக்கு முனை உருண்ட ஊசியும் ஜிக்ஜாக் தையலும் வேண்டும். சாதாரண ஊசி இழையை அறுத்து ஓட்டை விழவைக்கும்.

9. வெள்ளை யூனிஃபார்ம் சட்டை பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்தது. குளோரின் பிளீச் ஊற்றினால் வெளுப்பதற்குப் பதில் மஞ்சளாகிவிடலாம். காலர் அழுக்கு பெரும்பாலும் எண்ணெயும் வியர்வையும்தான். துவைப்பதற்கு முன் ஷாம்பு தடவிப் பத்து நிமிடம் விட்டால் கழன்றுவிடும். பால்பாயின்ட் பேனா மைக்கு, அடியில் பழைய துணி வைத்து, சானிடைசரால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் பரவும்.

10. சிறு குழந்தையின் கழுத்தில் நீள நாடா, கயிறு வைத்துத் தைக்காதீர்கள். எங்காவது மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கும். ஜரிகையும் எம்ப்ராய்டரியும் உள்ளே குத்தினால் மல் துணி வைத்துத் தையுங்கள். குழந்தை அந்த உடையை வெறுப்பதற்குப் பாதிக் காரணம் அந்தக் குத்தல்தான்.

11. அக்கா போட்டது தங்கைக்கு வரும்போது பட்டன்களையாவது மாற்றுங்கள். எந்த பட்டன், எந்த லேஸ் என்பதைத் தங்கையே தேர்ந்தெடுக்கட்டும். ‘பழசு’ என்ற முணுமுணுப்பு அதோடு பாதி குறையும்.

12. தோளும் கைக்குழியும் இறுகிவிட்டால் அந்த உடையோடு போராட வேண்டாம். அங்கே பிரித்துத் தைக்கும் கூலிக்குப் புதுச் சட்டையே வாங்கிவிடலாம். யாருக்காவது கொடுத்துவிடுங்கள். ஆனால் துவைத்து, அறுந்த பட்டனைத் தைத்து, இஸ்திரி போட்டுக் கொடுங்கள்.