நீரிறைக்கும் எஞ்சினைப் பாதுகாப்பாகக் கையாளும் முறை

துலாவினாலும் பட்டையினாலும் நீரிறைத்த காலத்தில் கமக்காரரின் உடலுழைப்பிற் பெரும்பகுதி கிணற்றடியிலேயே செலவாயிற்று. இன்று பெற்றோலினாலோ மண்ணெண்ணெயினாலோ இயங்கும் சிறு எஞ்சின் அவ்வேலையைச் சொற்ப நேரத்தில் முடித்துவிடுகின்றது. வெங்காயம், மிளகாய்த் தோட்டங்களுக்கும், மழை பொய்த்த காலத்தில் நெல் நாற்றுமேடைகளுக்கும் இஃது இன்றியமையாததாகிவிட்டது. எனினும், இதனால் இரு பெரும் ஆபத்துகள் நேரக்கூடும். ஒன்று எரிபொருளினால் உண்டாகும் தீ. மற்றது எஞ்சினின் புகையிலுள்ள நஞ்சு. இவ்விரண்டையும் தவிர்க்கும் வழிகள் கீழே கூறப்படுகின்றன.

எரிபொருள் நிரப்புதல்

மண்ணெண்ணெய் ஓரளவு சூடேறிய பின்னரே தீப்பற்றத்தக்க ஆவியை வெளிவிடும். பெற்றோலோ எந்நேரமும் அத்தகைய ஆவியை வெளிவிட்டுக்கொண்டேயிருக்கும். இவ்வாவி காற்றிலும் பாரமானது. ஆதலால் மேலெழுந்து கலைந்துபோகாமல் நிலத்தோடு பரவிப் பள்ளங்களிலும் கிணற்றினுள்ளும் தங்கும். சற்றுத் தூரத்தில் எரியும் சுருட்டும் அதனைப் பற்றவைக்கப் போதுமானது. எனவே பின்வரும் விதிகளைக் கைக்கொள்ளல் வேண்டும்.

1. ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினுக்கு எரிபொருள் ஊற்றுதல் கூடாது. நிறுத்தியவுடனும் ஊற்றுதல் கூடாது. புகைக்குழாய் ஆறும்வரை 15 நிமிடமாவது பொறுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் இறைப்பைத் தொடங்குமுன் தாங்கியை நிரப்பிக்கொண்டால், இடைநடுவில் அவசரப்பட நேராது.

2. கிணற்று வாயிலிருந்து விலகிய திறந்த வெளியில், எரிபொருட் பாத்திரத்தை நிலத்தில் வைத்துத் திறந்து, வடியுள்ள புனலினால் ஊற்றுக. தாங்கியை விளிம்புவரை நிரப்பாது, எரிபொருள் சூட்டினால் விரிவதற்குச் சிறிது இடம் விடுக.

3. சிந்தியதைத் துணியினால் துடைத்து, ஆவி அகன்ற பின்னரே எஞ்சினை இயக்குக. எரிபொருள் கிணற்றுள் விழுந்தால் குடிநீரும் கெடும்.

4. பெற்றோலையும் மண்ணெண்ணெயையும் ஒரே மாதிரியான பாத்திரங்களில் வைத்தல் கூடாது. பெற்றோற் பாத்திரத்திற்குச் சிவப்புநிறம் பூசி வைத்தால், இருட்டில் யாரேனும் அதனை எடுத்து விளக்கில் ஊற்றும் விபரீதம் நேராது. குடிபானப் போத்தல்களில் எரிபொருளை வைத்தலும், அடுப்பு எரியும் இடத்தில் வைத்தலும் ஆகா.

5. பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சின்களில், எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றிச் சற்று நேரம் ஓடவிட்டால், மறுநாள் இலகுவில் தொடங்கும்.

எஞ்சினைக் கிணற்றினுள் இறக்கலாகாது

கோடையில் நீர்மட்டம் தாழும்போது, மேலே வைத்த எஞ்சின் நீரை இழுப்பதில்லை. இஃது எஞ்சினின் பலக்குறைவால் நேர்வதன்று. உறிஞ்சுகுழாயில் நீரை மேலேற்றுவது வெளிக்காற்றின் அழுக்கமேயாகும். அவ்வழுக்கம் 34 அடிக்கு மேல் நீரை ஏற்றமாட்டாது. நடைமுறையில் 20 அல்லது 22 அடிக்கு மேல் எதிர்பார்த்தல் இயலாது. இதனாலேயே சிலர் எஞ்சினைக் கிணற்றின் உட்படியில் இறக்கி வைக்கின்றனர். உயிர்களைக் கொள்ளைகொள்வது இவ்வழக்கமே.

எஞ்சினின் புகையில் காபனோரொட்சைட்டு என்னும் வாயு உண்டு. இதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குருதி, ஒட்சிசனைக் காட்டிலும் 200 மடங்கிற்கு மேல் விருப்போடு இதனைப் பற்றிக்கொள்ளும். காற்றின் பத்து இலட்சம் பங்கில் இவ்வாயு 1,200 பங்கு இருப்பின் உயிருக்கு உடனடி ஆபத்து உண்டு.

12 அடி அகலமும், நீர்மட்டத்திற்கு மேல் 20 அடி ஆழமும் உள்ள ஒரு கிணற்றை எடுத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ 2,260 கன அடி காற்று இருக்கும். அதனை ஆபத்தான காற்றாக்க 3 கன அடிக்கும் குறைந்த அளவு காபனோரொட்சைட்டே போதும். அவ்வளவையும் ஒரு சிறு எஞ்சின் அரை மணித்தியாலத்திற்குள்ளேயே வெளிவிடக்கூடும். எஞ்சினை நிறுத்திய பின்னரும் நஞ்சு கிணற்றினுள் நெடுநேரம் தங்கியிருக்கும்.

விளக்கை நம்பற்க

கிணற்றுள் விளக்கை இறக்கி, அது அணையாதிருந்தால் இறங்கலாம் என்பது பழைய வழக்கம். ஒட்சிசன் குறைந்தால் விளக்கு அணையும் என்பது உண்மையே. ஆனால் மனிதனைக் கொல்லத்தக்க காபனோரொட்சைட்டு இருக்கும்போதும் விளக்கு நன்றாகவே எரியும். பெற்றோல் ஆவி இருந்தாலோ விளக்கே தீவிபத்திற்குக் காரணமாகும். ஆகையால் இச்சோதனையை முற்றாகக் கைவிட வேண்டும். புகைக்குழாயில் நீண்ட குழாயொன்றைப் பொருத்திப் புகையை மேலே விடுவதும் நம்பத்தக்கதன்று. பொருத்துகளில் ஏற்படும் சிறு கசிவே போதிய நஞ்சைப் பரப்பிவிடும்.

செய்யத்தக்கது

நீர் 20 அடிக்குள் இருப்பின், எஞ்சினைக் கிணற்றுக்கு வெளியே, புகை கிணற்று வாய்க்கு எதிர்ப்புறம் செல்லுமாறு வைக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது கிணற்றுக்குள் எவரும் இருத்தலாகாது. நீர் அதற்குக் கீழே போய்விட்டால், நீரினுள் அமிழ்ந்து இயங்கும் மின்பம்பியே தக்கது. மின்சாரம் எட்டாத இடங்களில் சூரிய ஒளியால் இயங்கும் பம்பியும் உதவும். மின்பம்பி பொருத்திய கிணற்றுள் இறங்குமுன் மின்சாரத்தைத் துண்டித்தல் அவசியம்.

ஒருவர் மயங்கி விழுந்தால்

தலைவலி, தலைச்சுற்று, வாந்தி, கால் தளர்ச்சி ஆகியன இந்நஞ்சின் அறிகுறிகள். இவற்றை வெயிலின் களைப்பென எண்ணி இருந்துவிட்டால், பின்னர் ஏறுவதற்கு வலுவிராது. அறிகுறி கண்டவுடன் மேலே வந்துவிட வேண்டும்.

ஒருவர் கிணற்றுள் விழுந்து கிடப்பின், அவரைத் தூக்கவென மற்றொருவர் இறங்கலாகாது. தந்தையைக் காக்க இறங்கிய மகனும், அவனைக் காக்க இறங்கிய அயலவரும் அதே காற்றையே சுவாசிப்பர். உடனே எஞ்சினை நிறுத்துக. 110 என்னும் இலக்கத்தில் தீயணைப்புப் படையினரையும், 1990 என்னும் இலக்கத்தில் அம்புலன்சையும் அழைக்குக. அறிவுடன் இருப்பவராயின் கயிற்றை இறக்கி, இடுப்பில் கட்டச்செய்து மேலே இழுக்கலாம். மேலே வந்தவர் தெளிந்துவிட்டதாகத் தோன்றினும், ஒட்சிசன் கொடுப்பதற்காக வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும்.

ஆறிய எஞ்சினுக்கே எரிபொருள். கிணற்றுக்கு வெளியிலேயே எஞ்சின். இவ்விரு விதிகளையும் கமக்காரர் தாமும் கைக்கொண்டு, கூலிக்கு நீரிறைப்போருக்கும் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் தவறாது கற்பித்தல் வேண்டும்.