இரண்டாவது டிஸ்க் காணாமல் போகும்போது

அண்ணன் வீட்டு கம்ப்யூட்டரில் இ டிரைவ் காலையில் இருக்கும், அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் இருக்காது. ஆஃப் செய்து ஆன் செய்தால் திரும்பி வரும். அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாண வீடியோ முழுக்க அதில்தான் இருந்தது. "டிஸ்க் போயிடுச்சு, ஃபார்மட் அடிச்சுப் பார்க்கலாம்னு கடைக்காரர் சொல்றார் தம்பி" என்று அண்ணி போனில் சொன்னார். "யாரும் தொட வேண்டாம் அண்ணி. நான் வர்ற வரைக்கும் மெஷினை ஆஃப் பண்ணியே வையுங்க" என்றேன்.

விண்டோஸ் இருக்கும் முதல் டிஸ்க் கெட்டால் கம்ப்யூட்டரே எழுந்திருக்காது, அன்றைக்கே கவனித்துவிடுவோம். இரண்டாவது டிஸ்க் இல்லாமலும் வேலை ஓடிவிடும் என்பதால், "அப்பப்போ அப்படித்தான் பண்ணும்" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறோம். வீட்டின் படங்கள், பத்திரங்களின் ஸ்கேன், பிள்ளைகளின் பள்ளி விழா எல்லாம் போய்ச் சேர்வது அதில்தான். அதைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருக்கும் சில விஷயங்கள், அதில் உள்ள கோளாறைவிடக் கூடுதல் சேதம் செய்வதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

நம்பிக்கை: டிஸ்க் விட்டுவிட்டு மறைகிறதென்றால் டிஸ்க்தான் கெட்டுவிட்டது.

உண்மை: முதலில் சந்தேகப்பட வேண்டியது கேபிளை. ஒவ்வொரு ஹார்டு டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்துக்கொள்கிறது. ஸ்மார்ட் என்று அதற்குப் பெயர். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலில் அதைப் பார்க்கலாம். வெறுமனே குறிப்பைப் படிப்பதால் டிஸ்க்குக்குச் சுமை ஏதுமில்லை. அந்தப் பட்டியலில் நான்கு வரிகள் போதும்: 5, 197, 198, 199. (இந்த நிரல் அவற்றை 05, சி5, சி6, சி7 என்று காட்டும். வலது ஓரத்து ரா மதிப்புகளும் ஹெக்ஸ் முறையில்தான் வரும். அமைப்புகளில் சாதாரண எண்ணுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வீணாகப் பயந்துவிடுவீர்கள்.)

முதல் மூன்றும் டிஸ்க்கின் தட்டில் படிக்க முடியாமல் போன இடங்களைப் பற்றியவை. 199 வேறு கதை. கேபிள் வழியாகப் போகும் தகவல் ஒவ்வொரு தவணையிலும் ஒரு சரிபார்ப்பு எண்ணோடு போகிறது. வந்து சேர்ந்த இடத்தில் அந்த எண் பொருந்தாவிட்டால் மறுபடி அனுப்பச் சொல்லி, இந்தக் கணக்கில் ஒன்று கூட்டப்படும். தட்டு நன்றாக இருந்து இது மட்டும் ஏறுகிறதென்றால், கோளாறு பெரும்பாலும் வழியில் இருக்கிறது.

அண்ணன் வீட்டு டிஸ்க்கில் 5, 197, 198 மூன்றும் பூஜ்யம். 199 மட்டும் 1,316. மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு கேபினட்டைத் திறந்தேன். சிவப்பு சாட்டா கேபிள், கவ்விப் பிடிக்கும் கிளிப் இல்லாத பழைய வகை. பக்கவாட்டுக் கதவு அழுத்தி அழுத்தி, முனைக்குப் பக்கத்திலேயே செங்கோணமாக மடங்கிக் கிடந்தது. விரல் பட்டதும் செருகியில் ஆடியது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சாட்டா செருகிகள் சுமார் ஐம்பது முறை செருகிக் கழற்றுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. இது எத்தனை முறை கழற்றப்பட்டதோ. கிளிப் வைத்த புதுக் கேபிள் ஒன்றைப் போட்டு, மதர்போர்டில் வேறு போர்ட்டுக்கு மாற்றினேன். முதல் வேலையாக வீடியோக்களை வெளி டிஸ்க் ஒன்றில் நகலெடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்தும் எண் 1,316தான். "இறங்கவே இல்லையே?" என்றார் அண்ணன். இறங்காது. அந்த எண் பழைய பிழைகளின் மொத்தக் கணக்கு. அது ஏறாமல் நின்றதே கோளாறு வழியில்தான் இருந்தது என்பதற்கு அத்தாட்சி.

டேட்டா கேபிளோடு மின்சாரக் கேபிளையும் பாருங்கள். மூன்றரை அங்குல டிஸ்க்கின் மோட்டார் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட் இணைப்பிலிருந்து 2 ஆம்பியர் வரை இழுக்கும். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் பழசாகி, ஒரே இணைப்பிலிருந்து ஸ்ப்ளிட்டர் போட்டு மூன்று நான்கு சாதனங்களுக்குப் பிரித்திருந்தால், டிஸ்க் சுழன்று நின்று மறுபடி சுழலும் சத்தம் கேட்கும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி இணைப்பு கொடுத்துப் பார்த்துவிட்டுப் புது டிஸ்க் வாங்குவதைப் பற்றி யோசியுங்கள்.

நம்பிக்கை: விண்டோஸின் செக்டிஸ்க் நிரலை ஓட்டினால், இல்லாவிட்டால் ஃபார்மட் செய்தால், டிஸ்க் சரியாகிவிடும்.

உண்மை: என்னை மிகவும் வருத்தும் நம்பிக்கை இது. செக்டிஸ்க் சரிசெய்வது டிஸ்க்கை அல்ல, அதிலுள்ள கோப்புகளின் அட்டவணையை. ஆர் என்ற தெரிவோடு ஓட்டினால் டிஸ்க்கின் ஒவ்வொரு செக்டாரையும் படிக்கச் சொல்லும். இரண்டு டெராபைட் டிஸ்க்கில் இது பல மணி நேர வேலை. தட்டு கெட ஆரம்பித்த டிஸ்க், கடைசியாக மிச்சமிருக்கும் தெம்பை இதில் செலவழித்துவிடும். அட்டவணையோடு பொருந்தாத துண்டுகளை நிரல் வெட்டி, பெயரில்லாத கோப்புகளாக ஒரு ஃபோல்டரில் கொட்டிவிடுவதும் உண்டு. இடிந்துகொண்டிருக்கும் வீட்டிலிருந்து சாமான்களை எடுக்காமல் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற வேலை இது.

ஃபார்மட் செய்ததும் டிஸ்க் தேறியதாகத் தோன்றுவதற்குக் காரணம் இருக்கிறது. 197 என்பது, படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டார்களின் எண்ணிக்கை. அந்த இடத்தில் புதிதாக எதையாவது எழுதும்போதுதான் டிஸ்க் முடிவெடுக்கும். எழுத முடிந்தால் காத்திருப்புப் பட்டியலிலிருந்து நீக்கும், முடியாவிட்டால் மாற்று இடம் ஒதுக்கி 5-ஆம் கணக்கில் சேர்க்கும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் என்பது டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதுவது. அதனால் 197 பூஜ்யமாகிறது, டிஸ்க் குணமானதாகத் தெரிகிறது. அதற்குக் கொடுத்த விலை அதிலிருந்த அத்தனை படங்களும். ஆகவே விண்டோஸ், "இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டுமா?" என்று கேட்டால் கேன்சல் அழுத்துங்கள்.

5, 197, 198 ஏறியிருந்தால் செய்ய வேண்டியது நகலெடுப்பது, அதிலும் திரும்பக் கிடைக்காதவற்றை முதலில். சினிமாவும் சாஃப்ட்வேரும் பிறகு. நடுவில் சிக்கிச் சிக்கி நின்றால், லினக்ஸில் கிடைக்கும் டிடிரெஸ்க்யூ உதவும். எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, முரண்டுபிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் வரும். எதுவரை எடுத்தது என்று குறித்து வைப்பதால் நிறுத்தி நிறுத்தித் தொடரலாம். டக் டக்கென்று சீரான சத்தம் வந்தால் அதுவும் வேண்டாம். உடனே அணைத்துவிட்டு, டேட்டா மீட்பதையே தொழிலாகச் செய்பவர்களிடம் கொடுங்கள்.

நம்பிக்கை: நிரல் "குட்" என்று காட்டினால் கவலையில்லை.

உண்மை: கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழுதான டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் கணக்குகளிலும் பூஜ்யமே காட்டிக்கொண்டிருந்தன. மறுபக்கம், ஸ்கேன் பிழை ஒன்று முதன்முதலில் தெரிந்த டிஸ்க், பிழையே காணாத டிஸ்க்கைவிட அடுத்த 60 நாட்களில் பழுதாகும் வாய்ப்பு 39 மடங்கு. கெட்ட செய்தி சொன்னால் நம்புங்கள். நல்ல செய்தி சொன்னால் பேக்கப் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம்பிக்கை: பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் உயிர் வரும்.

உண்மை: வேண்டவே வேண்டாம். படிக்கும் முனை தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர். வெளியே எடுத்ததும் உள்ளே பனித்துளி படிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மூடியைத் திறந்து பார்ப்பதும், மேலே தட்டுவதும் இதே ரகம்.

நம்பிக்கை: புது எஸ்எஸ்டி போட்ட அன்றே பழைய டிஸ்க் செத்துவிட்டது.

உண்மை: சாகவில்லை. பல மதர்போர்டுகளில் எம்.2 செருகியில் எஸ்எஸ்டி போட்டால், அதோடு வழியைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் தாமாகவே அணைந்துவிடும். எது என்று மதர்போர்டின் கையேட்டில் இருக்கும். கேபிளை வேறு போர்ட்டுக்கு மாற்றினால் போதும். அதேபோல, இ டிரைவைத் திறந்தால் பத்து நொடி யோசிக்கிறது என்பதும் பல வீடுகளில் நோயில்லை. விண்டோஸின் மின்சார அமைப்பில், பயன்படுத்தாத டிஸ்க்கை 20 நிமிடத்தில் உறங்க வைக்கும் தெரிவு இருக்கிறது. முதல் டிஸ்க் ஓயாமல் வேலை செய்வதால் பெரும்பாலும் தூங்குவது இரண்டாவதுதான்.

அண்ணன் வீட்டு டிஸ்க் இன்னும் ஓடுகிறது. கல்யாண வீடியோ இப்போது அதில் ஒன்று, வெளி டிஸ்க்கில் ஒன்று, என் வீட்டில் ஒன்று. கேபினட்டின் உள்பக்கக் கதவில் அண்ணி ஒரு சின்னத் தாள் ஒட்டி வைத்திருக்கிறார். மேலே கேபிள் மாற்றிய தேதி, கீழே 1,316 என்று எழுதி, அடுத்த கட்டத்தை வெறுமையாக விட்டிருக்கிறார்.